குடிபோகும் முன் கூரையைப் பாருங்கள்

தேவிபட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருக்கும். கூரைப்பூச்சு விரிசல் விட்டுப் பெயர்ந்து விழும்.

பெரிய அடுக்குமாடிகளுக்கு, தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். சிறிய வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அதனால் வாடகைக்குப் போகிறவர்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். கூரையில் பழுப்புக் கறை தெரிகிறதா? சுவிட்ச் போர்டுச் சுவரில் ஈரம் கசிகிறதா?

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, கட்டடப் பழுது, குழாய், வயரிங் மாற்றுவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். வாடகை குறைவு என்பதற்காகப் பிள்ளைகளை விரிசல் கூரையின் கீழ் தூங்க வைக்காதீர்கள்.