மேற்கோள் கணக்கும் மெய்யான பெருமையும்



ரயில்வே அலுவலகத்தில் கடிதம் எழுதிப் பிழைக்கும் எம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு விஞ்ஞானம் பேச என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். பள்ளியிறுதிக்கு மேல் நாம் படித்தோமில்லை. ஆயினும் ஒரு வழக்கத்தை நன்கறிவோம். எந்தக் கடிதம் எழுதினும், முந்திய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் தலைப்பில் குறிக்காமல் விடுவதில்லை. அந்தக் குறிப்பைப் பற்றிக்கொண்டு போனால் இருபது ஆண்டுப் பழைய பைலும் கைக்கு வந்துவிடும். விஞ்ஞானிகளும் அவ்வாறே, தமக்கு வழிகாட்டிய கட்டுரைகளைத் தம் கட்டுரையில் குறிப்பிடுகின்றனர். ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை அவ்விதம் குறித்துள்ளனர் என்று எண்ணுவதே மேற்கோள் கணக்கு. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு இதற்கெனப் பெரும் அட்டவணைகளை 1960-களில் வெளியிடத் தொடங்கினார்.

இக்கணக்கின் பயனையும் குறையையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று, நாம் குடியேறி வாழும் இந்த வங்க மண்ணிலேயே உண்டு.

ஹூக்ளி மாவட்டத்தில் 1915-இல் பிறந்தவர் டாக்டர் சம்பு நாத் தே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் பேராசிரியராக விளங்கினார். வாந்திபேதிக் கிருமியை ராபர்ட் காக் இதே கல்கத்தாவில் 1884-இல் ஆராய்ந்து, அது ஒரு நஞ்சைக் கக்குகிறது என்று ஊகித்திருந்தார். அந்த நஞ்சை எவரும் கண்டுகாட்டாமலே முக்கால் நூற்றாண்டு கழிந்தது. தே அவர்கள் முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். குடலில் நீர் நிரம்பி வீங்கிற்று. பின்னர், கிருமிகளை முற்றும் வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் வீங்கிற்று! குடலிலிருந்து நீரை இறைப்பது கிருமி கக்கிய நஞ்சே என்பது ஐயமற விளங்கியது. 1959-இல் ‘நேச்சர்’ இதழில் இதனை வெளியிட்டார். அக்கட்டுரை இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிட்டது.

அன்பர்களே! அவ்விரண்டு பக்கங்களை உலகம் உடனே போற்றவில்லை. தொடக்கத்தில் அதனைக் கவனித்தோர் சிலரே. ஆண்டுகள் செல்லச் செல்ல, வாந்திபேதி பற்றி எழுதுவோர் அதனைக் குறிப்பிடாமல் இருக்க இயலாத நிலை வந்தது. 1978-இல் நோபல் அறநிலையத்தின் ஆய்வரங்கு ஒன்றுக்கு அவர் அழைக்கப்பெற்றார். ஜோஷுவா லெடர்பெர்க் என்னும் நோபல் அறிஞர் அவர் பெயரை நோபல் பரிசுக்கே முன்மொழிந்தார். நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்களோ அவர் வாழ்நாளில் அவரை உறுப்பினராகக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே கார்ஃபீல்டு, மேற்கோள்களை வரைபடமாக இட்டு, வாந்திபேதி ஆராய்ச்சியில் தே அவர்களின் இடம் எத்தகையது என எழுதினார். 1990-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, காலம்தான் கடந்துவிட்டது.

இன்று ஹெர்ஷ் என்பார் 2005-இல் வகுத்த எண் ஒன்று வழங்குகிறது. பத்து மேற்கோளேனும் பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் அவ்வெண் பத்து. எளிய கணக்கே. ஆயினும் மறுப்பதற்காகக் குறித்தாலும் மேற்கோளே. நண்பர்கள் மாறி மாறிக் குறித்துக்கொண்டாலும் மேற்கோளே. 1959-இன் இறுதியில் தே அவர்களை இவ்வெண்ணால் மட்டும் அளந்திருந்தால், அந்த இரண்டு பக்கங்களின் மதிப்பு தெரிந்திருக்குமா?

ஆகவே, எண்ணைப் பாருங்கள், எண்ணோடு நின்றுவிடாதீர்கள். நம் காலனிக் குழந்தைகளின் மதிப்பெண் பட்டியலைக் கையிலெடுக்கும்போதும் இதனை நினைவிற்கொள்ளுங்கள். நாங்கள் இரவெல்லாம் விழித்து எழுதிய குறிப்பு வேறொருவர் கையொப்பத்துடன் மேலே செல்வதும் உண்டு. அந்த வருத்தம் அறிந்தவர்கள் நாம். எனவே பிறர் உழைப்பை எடுத்தாளும்போது அவர் பெயரைச் சொல்வோம். அதுவும் அவர் கேட்கும் காலத்திலேயே சொல்வோம்.