வெட்டுக்கத்தியும் தீட்டுக்கல்லும்

நெடுநாள் நெருக்கடியில் கைகொடுக்கும் கத்தி எது என்பதை மலாயாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டப்புறம் 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை பட்டே தெரிந்துகொண்டது. ஜித்ராவில் பிரிட்டிஷ் அரண் உடைந்ததும் கெடா ஜப்பானியர் கைக்குப் போனது. ரப்பருக்குச் சந்தை இல்லை. அரிசி வரத்து சுருங்கியது. பால்மரம் சீவியவர்கள் மரவள்ளி நட்டார்கள். ஆண்களில் பலரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டதால், புதர் வெட்டுவதும் விறகு பிளப்பதும் குச்சி நறுக்கி ஊன்றுவதும் லயத்தில் எஞ்சியவர்கள் தலையில் விழுந்தன. இறக்குமதிச் சரக்கு நின்றுபோன காலம் அது. இருக்கிற கத்தியைத்தான் திரும்பத் திரும்பத் தீட்டி ஓட்டியாக வேண்டும்.

அப்படிப்பட்ட காலத்துக்குக் கத்தி தேர்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது, சாதாரணக் கல்லில் அதற்குக் கூர் ஏறுமா என்பதை. எஃகின் பெயரும் விலையும் அதற்குப் பிறகு. கடினத்தில் உச்சத்துக்குப் போன எஃகு கூரை நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் மழுங்கினால் வைரத்தூள் பதித்த தகடு கேட்கும், முடிச்சு விழுந்த கட்டையில் ஓங்கி வெட்டினால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். அதைவிடச் சற்றே மென்மையான கரி எஃகு அடிக்கடி மழுங்கினாலும், அரத்தையும் ஆற்றோரக் கல்லையும் கொண்டே பழைய நிலைக்கு வந்துவிடும். கடைக்குப் போக வழியில்லாதவருக்கு இரண்டாவதே நல்லது.

துருப்பிடிக்காத எஃகின்மேல் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. ஈரம் குறையாத கெடா காற்றில் அந்த மயக்கம் நியாயமானதுதான். மீன் அரிய, காய் நறுக்க அந்த எஃகு போதும். ஓங்கி வெட்டும் கத்திக்குக் கரி எஃகே பொருத்தம். துருவுக்கு மருந்து தேங்காய் எண்ணெய். வாழைச்சாறு பட்டுக் கறுத்துப்போன அலகைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

மலாய்க்காரர் பாராங் என்றும் தோட்டத்துத் தமிழர் வெட்டுக்கத்தி என்றும் சொல்வது இந்த வேலைக்கென்றே உருவானது. கிராமத்துக் கொல்லர் அதைப் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கிறார். சரியாகப் பதமேற்றினால் அந்த எஃகு வளைந்து நிமிரும். அதனால் அலகு எளிதில் முறியாது. பத்து முதல் பதினான்கு அங்குல அலகு, கைப்பிடியைவிட முனைப்பக்கம் கனம், கட்டை பிளந்து வெளியேற வசதியாக இருபுறமும் சற்றே உப்பிய விளிம்பு ஆகியவை நல்ல கத்தியின் அடையாளங்கள். தேர்ந்த கொல்லர் ஒரே அலகில் மூன்று வேலைக்கு இடம் வைப்பார்: கைப்பிடியை ஒட்டிய பகுதி சீவவும் செதுக்கவும், நடுப்பகுதி வெட்டவும், மெலிந்த முனை தோலுரிக்கவும்.

வாங்குமுன் சோதிப்பதும் எளிது. விளிம்பில் அரத்தை இலேசாக ஓட்டினால் கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் கடிக்க வேண்டும். வெண்ணெய் போலக் கடித்தால் பதம் ஏறவில்லை. கண்ணாடியில் போவதுபோல் வழுக்கிக்கொண்டே போனால் பதம் மிஞ்சிவிட்டது. அதன்பின் கைப்பிடியை ஆட்டிப் பார்க்க வேண்டும். காட்டில் கத்தி கைவிடுவது பெரும்பாலும் அலகில் இல்லை, பிடியில்தான். அலகின் வால் பிடிக்குள் ஆழமாக இறங்கியிருந்தால் நம்பலாம். கூடவே ஒரு சிறு கத்தியும் வேண்டும். பாராங்கால் முள் எடுக்க முடியாது.

தீட்டும் கலைக்குக் கெடா தோட்டங்களில் ஒரு பள்ளிக்கூடமே இருந்தது. பால்வெட்டுக் கத்திதான் அது. மரத்தைச் சிதைக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் தாவரவியலாளர் ரிட்லி வகுத்தார். இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழ்நோக்கிச் சுமார் 30 டிகிரி சரிவில் வெட்டு இறங்கும். ஒரு தடவைக்குச் சீவ வேண்டிய பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே கத்தி நிற்க வேண்டும். மழுங்கிய கத்திக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிபடாது. ஒன்று, பட்டையை வீணாகத் தடித்துச் சீவும். இல்லையேல் கையின் அழுத்தம் கூடிக் கட்டையில் பாயும். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறுசுற்றில் சீவவே உதவாது.

ஆகவே பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு முன்போ முந்தின மாலையிலோ கத்தி தீட்டுவது அன்றாடக் கடமை. ஜெபோங் எனப்படும் மடிந்த வாய்க் கத்திக்குத் தட்டைக் கல் மட்டும் போதாது. உட்குழிவுக்கு விளிம்பு மெலிந்த சிறு கல் வேண்டும். விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் நிரையில் இறங்கி நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவும் பெண்ணுக்குக் கூர் சரியா இல்லையா என்பதைக் கண் சொல்வதைவிடக் கை முதலில் சொல்லும். மலேசியத் தொழில்திறன்களில் இதற்கு உரிய மதிப்பு ஒருபோதும் கிடைக்கவில்லை. செம்பனை வந்து பால்மரம் குறைந்தபோது தீட்டுக்கல் அரிவாளுக்கும் உளிக்கும் மாறியது.

பாராங்கைத் தீட்டும் முறை இதைவிட முரடு, ஆனால் அதே ஒழுங்கு. விளிம்பு பெயர்ந்திருந்தால் முதலில் அரம். பிறகு சொரசொரப்பான கல், கடைசியாக வழவழப்பான கல். கல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும். எஃகுத்தூள் துளைகளை அடைத்துக்கொள்ளாமல் அது கழுவிவிடும். கோணத்துக்குக் கருவி தேவையில்லை. அலகைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி, பாதி சாய்த்து, அதிலும் பாதி சாய்த்தால் 22 டிகிரியை ஒட்டி வரும். சிறு கத்திக்கு இன்னும் சற்றுச் சாய்க்கலாம், பாராங்குக்குச் சற்று நிமிர்த்தலாம். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிர் எழும். அது முழு நீளத்துக்கும் எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். பிறகு மறுபக்கம். கடைசியில் பிசிரை மெல்லிய கல்லிலும் பழைய தோல்வாரிலும் தடவி எடுக்க வேண்டும். பெரும்பாலோர் பிசிர் எழுமுன்பே பக்கம் மாற்றிவிடுகிறார்கள். மணிக்கணக்கில் தீட்டியும் கூர் ஏறாததற்குக் காரணம் அதுதான்.

பட்டறையில் மின்சாணை பிடிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தீப்பொறி பறக்க அழுத்தினால் மெலிந்த விளிம்பு நொடியில் சூடேறிவிடும். நீலம் பாய்ந்தால் சூடு 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் பதம் இளகிவிடும். அத்தனை தூரம் தேய்த்துத் தள்ளும்வரை அங்கே கூர் நிற்காது. அவசரமில்லாதவர் கைக்கல்லோடு நிற்பதே மேல்.

தீட்டிய கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவி மர உறையில் வைக்க வேண்டும். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் நெடுநாள் உள்ளே கிடக்கும் கத்தியில் துரு படரும். மலேசியாவில் பொது இடத்தில் தக்க காரணமின்றிப் பாராங் கொண்டு செல்வது 1958-ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தோட்ட வேலைக்கு எடுத்துப் போகிறவரும் உறையிலிட்டுக் கட்டி, மற்றக் கருவிகளோடு சேர்த்தே எடுத்துப் போவது நல்லது.