தப்பிப்பதும் தப்புதானா?



இன்றைய அரங்கில் பேச எனக்குக் கிடைத்த சொல் 'எஸ்கேப்'. தமிழ்ச் சொல் இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் நாளுக்குப் பத்து முறையாவது சொல்லும் சொல் இது. பாத்திரம் கழுவச் சொன்னால் அண்ணன் எஸ்கேப். கடன் கேட்டு நண்பர் வந்தால் அப்பா எஸ்கேப்!

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பார்க்காத வேலை இல்லை. கைதி சிறையிலிருந்து ஓடினாலும், குழாயிலிருந்து எரிவாயு கசிந்தாலும், தெரிந்தவர் பெயர் சட்டென்று நினைவுக்கு வராவிட்டாலும் இதே சொல்தான். பினாங்கு தெலுக் பஹாங்கில் உள்ள சாகசப் பூங்காவுக்கும் இதே பெயர்தான். பூமியின் ஈர்ப்பிலிருந்து ஒரு பொருள் விடுபட நொடிக்கு ஏறத்தாழ 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதற்கும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான். கணினி விசைப்பலகையின் இடது மூலையிலும் அது உட்கார்ந்திருக்கிறது. 1960இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பாப் பீமர், ஒரு குறியீட்டு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்படி கணினிக்குச் சொல்ல அதைக் கொண்டுவந்தார்.

அடுக்குமாடி வீடுகளின் அவசரப் படிக்கட்டுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. அந்தப் படியில்தான் நாம் பழைய சைக்கிளையும் பூச்சட்டியையும் அடுக்கி வைக்கிறோம். தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்குவது?

இந்தச் சொல் பிறந்த கதை சுவையானது. லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'காப்பா' என்றால் மேலங்கி. துரத்துகிறவன் அங்கியைப் பிடித்துக்கொள்கிறான். ஓடுகிறவன் அங்கியைக் கழற்றி விட்டுவிட்டு ஓடுகிறான். அதாவது, தப்பியவன் எதையோ பின்னால் விட்டுத்தான் போகிறான்.

இனி நம் மொழிக்கு வருவோம். 'தப்பு' என்றால் குற்றம். 'தப்பினான்' என்றால் மீண்டான். 'பிழை' என்றால் தவறு. 'பிழைத்தான்' என்றால் உயிரோடு எழுந்தான். அதே சமயம், எல்லாத் தப்பித்தலும் ஒன்றல்ல என்றும் தமிழ் பிரித்துக் காட்டுகிறது. வெள்ளத்திலிருந்து பிழைக்கிறோம். வேலையிலிருந்து நழுவுகிறோம். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறோம். கேள்விக்கு மழுப்புகிறோம். 'எஸ்கேப்' என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது, நழுவியவனும் பிழைத்தவனைப் போலவே தெரிகிறான்.

இதை நான் ஊருக்குச் சொல்லவில்லை. என் தந்தை ஈப்போவில் இருக்கிறார். தினமும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். "பசியாறிட்டியாம்மா?" என்ற ஒரே கேள்விதான். படப்பிடிப்பு அவசரத்தில் அவர் எண் தெரிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பேன். "யாரு?" என்று தோழி கேட்டால், "அப்பா. எஸ்கேப்!" என்று சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் எனக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

ஒருநாள் அந்த அழைப்பு வரவில்லை. மதியம் அம்மா அழைத்தார். அப்பாவுக்குப் பக்கவாதம். உயிர் பிழைத்துக்கொண்டார். பேச்சுதான் குழறுகிறது.

நான் பெரிய ஆபத்து எதிலிருந்தும் தப்பவில்லை. ஒரு நிமிடப் பேச்சிலிருந்துதான் தப்பினேன். அங்கியை மட்டும் அப்பாவின் கையில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

நேயர்களே, தப்பிக்க வேண்டிய நேரங்கள் வாழ்க்கையில் உண்டு. அடிக்கும் கையிலிருந்து, ஏமாற்றும் கூட்டத்திலிருந்து, கெட்ட பழக்கத்திலிருந்து ஓடித்தான் ஆக வேண்டும். அது பிழைப்பு. ஆனால் அடுத்த முறை 'எஸ்கேப்' என்று சொல்லும்முன், யாரை விட்டுவிட்டு ஓடுகிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இப்போது காலை எட்டு மணிக்கு நான்தான் அழைக்கிறேன். "பசியாறிட்டீங்களாப்பா?" என்று கேட்கிறேன். பதில் வரச் சற்று நேரமாகும். காத்திருக்கிறேன்.