சேர்த்துவிட்டோம், கடமை முடிந்ததா?

(ஸ்ரீராம்புரம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மில்லிலும் ரயிலடியிலும் கட்டட வேலையிலும் தேய்ந்த குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். பெருமைதான். ஆனால் சேர்த்துவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்று நினைத்தோமே, அது தவறு.

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்துச் செந்தில்குமாரை நினைத்துப் பாருங்கள். பன்றி வளர்த்துப் பிழைத்த குடும்பம். ஐதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வழிகாட்டும் பேராசிரியர் ஒதுக்கப்படவில்லை; உதவித்தொகையும் நின்றது. 2008 பிப்ரவரியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே பல்கலைக் கழகத்தில், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17ல் மாண்டார். அவருக்காகப் போராடிய சேலத்து முத்துக்கிருஷ்ணன், டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் படித்தபோது 2017 மார்ச்சில் மறைந்தார்.

இவர்களைக் கோழைகள் என்பவர்கள் உண்டு. அந்த இடம்வரை படித்து ஏறியவனா கோழை? உதவித்தொகை நின்றால் சோறு நிற்கிறது. சாதியைக் கேட்டு ஒதுக்கினால் பேச்சுத்துணை நிற்கிறது. காரணம் பலவாக இருக்கலாம். ஆனால் தனிமையில் தள்ளப்பட்ட மனம் காயப்படாமல் இருக்குமா?

நாமும் குற்றவாளிகளே. நம் தெருப் பெண்ணொருத்தி விடுதியில் தங்கிப் படித்தாள். இரண்டு மாதம் வீட்டுக்கு வரவில்லை. படிப்பில் மூழ்கியிருக்கிறாள் என்று பெருமை பேசினோம். பெட்டியோடு திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, சாப்பாட்டு மேசையில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார்வதில்லை என்று. போனில் சொல்ல வந்தபோதெல்லாம், "பொறுத்துக்கொள், படிப்பைப் பார்" என்று வாயை அடைத்தவர்கள் நாம்தான். இப்போது வேறு கல்லூரியில் படிக்கிறாள். போன வருடம் போனதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டை விசாரிக்க ஓர் அதிகாரியும் வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2012லேயே விதி செய்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் உச்ச நீதிமன்றப் படியேறியதால், 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைந்தது. கேட்டவர்களுக்குத்தான் கதவு திறந்தது.

நாம் செய்யவேண்டியது என்ன? வாய்ப்புகாருக்கு ஆபீசில் மதிப்பில்லை. இது ரயில்வே குமாஸ்தா வேலை நமக்குக் கற்றுத்தந்த பாடம். எழுதிக் கொடுங்கள், நகல் வையுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். சங்கத்திலிருந்து நாலுபேர் கூட வருவோம்.

பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று கேலி பேசி, போகவேண்டியவர்களைத் தடுக்காதீர்கள். காலொடிந்தால் கட்டுப்போடுகிறோம்; மனமொடிந்தால் மட்டும் மறைப்பதா? 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இன்றிரவு பிள்ளைக்குப் போன் செய்யுங்கள். மதிப்பெண்ணை அப்புறம் கேட்கலாம். "சாப்பிட்டாயா? யாரோடு சாப்பிட்டாய்?" என்று முதலில் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், அடுத்த பஸ்ஸில் புறப்படுங்கள்.