கொள்ளும் செடிமுருங்கையும்

தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அவர்களிடம் எடுத்த எடுப்பில் "கறியை விட்டுவிடுங்கள்" என்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். வீட்டாரும் நண்பர்களும் சைவத்துக்கு வரவேண்டும் என்று விரும்புகிறவர்கள், தட்டில் நல்லதொன்றைக் கூட்டித்தான் தொடங்க வேண்டும். பெரியகுளத்துக்காரர்களுக்கு இது எளிது. இங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை, விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கிறது, கீரைக்கும் குறைவில்லை.

"கறி இல்லாமல் உடம்பில் தெம்பு எப்படி வரும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். பச்சை ஆட்டுக்கறியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பயறுப் புரதத்தில் உள்ள குறையைச் சோறு ஈடுகட்டிவிடும். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது என்பதும் உண்மை. கூட எலுமிச்சை சேர்த்துக்கொண்டு, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தவிர்த்தால் கூடுதலாகச் சேரும். பி12 மட்டும் செடிகொடிகளில் கிடைக்காது. அதற்குப் பாலும் தயிரும் வேண்டும். அவற்றையும் விடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மறைத்துவிட்டு யாரையும் சைவத்துக்கு அழைக்கக் கூடாது. மிச்சம் ருசிதான். கறிக்கு அரைக்கிற அதே சோம்பு, கசகசா, தேங்காயை அரைத்து, இந்தப் புதன்கிழமை பச்சை மொச்சைக் குழம்பு வைத்துப் பரிமாறுங்கள்.