உத்தியோகத் தாய்மாரும் ஞாயிற்றுக்கிழமை மாலையும்



சட்டத்தின்படி, ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியுமிடத்தில் குழந்தைகள் காப்பகம் இருத்தல் வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று வரலாம். உத்தியோகசாலைக்கு எல்லை வகுத்த அச்சட்டம் நம் வீட்டு வாயிலில் நின்றுவிடுகின்றது. மத்திய சர்க்கார் 2024-இல் எடுத்த கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்டிர் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 289 நிமிஷம், ஆடவர் 88.

பிறரைக் குறை கூறுவானேன்? எம் மனையாளும் உத்தியோகம் பார்ப்பவரே. ஞாயிறுதோறும் மாலையில் நம் சங்கத்து அன்பர்கள் முன்னறிவிப்பின்றி எம்மில்லத்துக்கு எழுந்தருள்வர், காப்பியும் வரும். (அது தானே வருவதன்று என்பது எமக்குச் சென்ற ஆண்டுதான் புலனாயிற்று.) “ஞாயிறு மாலை குழந்தைக்குரியது; அப்பொழுது என்னை அழைக்க வேண்டாம்” என்று அவர் ஒருநாள் கூறினார். யாம் மனம் புழுங்கி, “விருந்தோம்பல் அறியாய்” என்று வைதும்விட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. தம் சொல்லினின்று பெயரவுமில்லை. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தை இருபதாண்டாகப் போதித்து வரும் யாம், அடுப்பங்கரையில் நிற்க வேண்டியவர் இன்னாரென்று அதில் யாண்டும் விதிக்கப்படவில்லை என்பதைக் கவனித்தோமில்லை.

ஆதலின் அன்பர்கள் இனி ஞாயிறு காலையில் வருக. காப்பி யாமே கலந்து தருவோம். சர்க்கரை கூடியிருப்பின் பொறுத்தருள்க.