டிக்கெட்டில் இருப்பது எந்த ஊர் நேரம்?

(வெளிநாட்டு வேலைக்குச் செல்வோரின் குடும்பத்தாரிடையே அம்மையார்குப்பத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தறியை நிறுத்திட்டு வந்திருக்கீங்க. உங்க நேரத்தை வீணாக்க மாட்டேன்.

சென்னையிலிருந்து துபாய் வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். சிங்கப்பூரும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஒன்று மேற்கே, மற்றொன்று கிழக்கே. நேரடி விமானத்தில் இரண்டுக்குமே நாலு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும்.

ஆனால் டிக்கெட்டைப் பாருங்க. காலை 10 மணிக்குக் கிளம்பி நாலு மணி நேரம் பறந்தால், துபாய் டிக்கெட்டில் பகல் 12.30 என்றிருக்கும். சிங்கப்பூர் டிக்கெட்டில் மாலை 4.30 என்றிருக்கும். காரணம் இதுதான்: கிளம்பும் நேரம் நம்ம ஊர் நேரம், இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

இது தெரியாததால் வீட்டில் இருப்பவங்க படுற பாடு கொஞ்சமில்லை. 12.30 ஆச்சு, பையன் போன் பண்ணலையேன்னு அம்மா அழ ஆரம்பிச்சுடுவாங்க. நம்ம கடிகாரத்தில் 2 மணிக்குத்தான் விமானம் தரையிறங்கும். குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர இன்னும் ஒரு மணி நேரமாவது விடுங்க.

அடுத்தது நள்ளிரவு விமானம். இது எங்க வீட்டிலேயே நடந்தது. அண்ணன் மகனுக்கு 15ஆம் தேதி 00.45 மணிக்கு விமானம். 15ஆம் தேதி சாயங்காலம் சாமி கும்பிட்டு, வண்டி பிடித்துப் போனோம். வாசலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர், "இது நேத்து ராத்திரியே போயிடுச்சேப்பா" என்றார். கடன் வாங்கி எடுத்த டிக்கெட். அந்தப் பிள்ளை முகத்தை இன்னும் மறக்க முடியலை. 15ஆம் தேதி 00.45 என்றால் 14ஆம் தேதி சாயங்காலமே கிளம்பணும்.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்? பின்னாலிருந்து எண்ணுங்க. மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது இரவு 9.45க்கு, விமான நிலையத்தில் இருக்கணும். பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர், நடுவில் நெரிசல் வேறு. மாலை 6 மணிக்கே வண்டி ஏறிடுங்க. ரயிலில் போறவங்க திருத்தணியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோ மாறலாம். அதற்கு இன்னும் முன்னதாகவே கிளம்பணும்.

கடைசியாக ஒன்று. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர். குறிப்பு இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வேலைக்காகத் துபாய் போக, குடிபெயர்வு அனுமதி வாங்கணும். இல்லையென்றால் சென்னையிலேயே நிறுத்திடுவாங்க. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்க.

வீட்டுக்குப் போனதும் டிக்கெட்டை எடுங்க. வீட்டிலிருந்து கிளம்பும் நாளும் நேரமும், அங்கே இறங்கும்போது நம்ம ஊரில் என்ன மணி என்பதும், இரண்டையும் சுவர்க் காலண்டரில் பெரிசா எழுதி வையுங்க.